அறுபதைத் தாண்டி ஒற்றைச் சக்கரம்: 20 அங்குல யூனிசைக்கிள் எப்படி?

யூனிசைக்கிள் வாங்கப் போகிறேன் என்று அறுபதைத் தாண்டிய ஒருவர் சொன்னால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "விழுந்து வெச்சா யாரு பாக்குறது?" என்பதுதான். நியாயமான கேள்வி. நம் ஊரில் பெரும்பாலோர் இந்த வண்டியைப் பார்த்திருப்பது சர்க்கஸ் கூடாரத்தில். அங்கே சீட்டு ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கும். ஓட்டுபவர் இரண்டு கையாலும் பந்து வீசிப் பிடித்துக்கொண்டிருப்பார். அதை மனதில் வைத்துப் பார்த்தால், வயதானவர்கள் கிட்டேயே போகக்கூடாத வண்டி என்றுதான் தோன்றும். சில மாதங்களாக 20 அங்குல வண்டி ஒன்றில் பழகி வருகிறேன். அளவைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, ஒழுங்காகப் பூட்டி, அவசரப்படாமல் கற்றால் இந்த வயதிலும் தாராளமாகப் பழகலாம் என்பது என் முடிவு. பயப்பட வேண்டியது பின்பக்கமாக விழுவதற்கு மட்டும்தான். அதற்கும் வழி இருக்கிறது.

வண்டியில் அதிகம் எதுவும் கிடையாது. ஒரு சக்கரம், அதன் ஹப்பிலேயே நேராகப் பூட்டிய இரண்டு க்ராங்க், பெடல்கள், மேலே ஃபோர்க், சீட் போஸ்ட், சீட்டு. செயின் இல்லை, ஃப்ரீ வீல் இல்லை, கற்பவர்களுக்கான மாடல்களில் பெரும்பாலும் பிரேக்கும் இல்லை. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. காலை நிறுத்தினால் சக்கரம் நின்றுவிடும்; பின்னோக்கி மிதித்தால் பின்னால் போகும். சைக்கிளில் மிதிப்பதை விட்டுவிட்டு உருள விடுவோமே, அந்தச் சுகம் இங்கே இல்லை. உடம்பு முன்னால் சாய்ந்தால் கொஞ்சம் வேகமாக மிதித்துச் சக்கரத்தை உடம்புக்கு அடியில் கொண்டுவர வேண்டும். பின்னால் சாய்ந்தால் மிதியைத் தளர்த்த வேண்டும். பக்கவாட்டில் சாயும்போது இடுப்பைத் திருப்பி, சாயும் பக்கமாகவே சக்கரத்தைச் செலுத்த வேண்டும். ஓட்டத் தெரிந்தவர் இதையெல்லாம் யோசித்துச் செய்வதில்லை, அது பாட்டுக்கு நடக்கிறது. கற்பது என்பது உடம்பு அந்த நிலைக்கு வரும்வரை விடாமல் இருப்பதுதான்.

12 அங்குலத்தில் தொடங்கி 36 அங்குலம் வரை சக்கரங்கள் விற்கின்றன. உயரமான பெரியவர்களுக்கு 24 அங்குலம் என்று சில விற்பனையாளர்கள் சொல்வார்கள். கற்கும்போது அது வேண்டாம், 20 போதும். உயரமானவர்கள் நீளமான சீட் போஸ்ட்டை மாற்றிக்கொள்ளலாம். 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் போகும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தாலும் மணிக்கு ஏழு, ஏழரை கிலோமீட்டர்தான். கொஞ்சம் எட்டி நடக்கும் வேகம். கற்கிற காலத்தில் அதில் பாதி வேகம் வந்தாலே பெரிது. கீழே இருக்கும் பெடல் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இருக்காது. அதனால் நிலை தவறினால் பெரும்பாலும் காலைத் தரையில் ஊன்றி, இரண்டடி நடந்து நின்றுவிடுகிறோம். இரண்டு சக்கர சைக்கிளில் ஹேண்டில் பாரும் நடுவில் இருக்கும் பாரும் காலைச் சிக்கவைக்கும். இங்கே முன்னால் ஒன்றுமே இல்லை என்பது பெரிய வசதி.

க்ராங்க் நீளத்தையும் கவனித்து வாங்குங்கள். 20 அங்குல வண்டியில் 125 மி.மீ. பொதுவானது; முழங்காலுக்கும் அது ஒத்துப்போகும். இதைவிடக் குட்டையானதில் ஓட்டம் சீராக இருக்கும், ஆனால் நிறுத்துவதற்கு அதிக பலம் கேட்கும்.

பெட்டியில் வந்த வண்டியைப் பூட்ட எங்கள் தெரு சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் க்ராங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காட்டர் பின்னே இல்லீங்களே சார், அப்புறம் எதுல நிக்குது?" என்று கேட்டார். சதுர முனை கொண்ட ஆக்சிலில் க்ராங்கைச் செருகி போல்ட் போட்டு இறுக்குகிற அமைப்பு இது. கழற்ற வேண்டுமென்றால் க்ராங்க் புல்லர் வேண்டும். அவர் அதைப் பிடித்துக்கொள்ள அரை நிமிடம்கூட ஆகவில்லை. போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டு, "நாலு நாள் ஓட்டிட்டுத் திரும்பக் கொண்டாங்க, இளகியிருக்கும்" என்றார். சொன்னபடியே இளகியிருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் இடது பக்கம் 'கிடுக்' என்று ஒரு சத்தம். இந்தச் சத்தத்தைக் கேட்டால் உடனே இறங்கிவிடுங்கள். தளர்ந்த க்ராங்கோடு தொடர்ந்து ஓட்டினால் சதுரத் துளை தேய்ந்து வட்டமாகிவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. பெடலில் இடது, வலது எழுத்துகளையும் பார்த்துப் பூட்ட வேண்டும். இடது பெடலுக்கு மரை தலைகீழ். சக்கரத்தையோ சீட்டையோ முன்பின் மாற்றிப் பூட்டிவிட்டால் ஓட்ட ஓட்டப் பெடல் தானாகவே கழன்று வரும்.

சீட்டின் உயரத்தைப் பார்க்க, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். கால் கிட்டத்தட்ட நேராக நிற்க வேண்டும். பயத்தில் சீட்டை இறக்கி வைப்பவர்கள் அதிகம். தாழ்ந்த சீட்டில் எடை முழுவதும் தொடைக்கும் முழங்காலுக்கும் போய், சிறிது நேரத்திலேயே கால் நடுங்கத் தொடங்கிவிடும். டயர் தொய்வாக இருந்தாலும் சக்கரம் திரும்ப மறுக்கும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவில் மேல் எல்லையை ஒட்டிக் காற்று அடித்துக்கொண்டால் சிமெண்டுத் தரைக்குச் சரியாக இருக்கும்.

கற்க நல்ல இடம் கம்பி வேலி போட்ட ஷட்டில் கோர்ட். வேலியை ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்து, பெடல்கள் இரண்டும் தரைக்குச் சமமாக இருக்கும்படி வையுங்கள். இதுதான் நிலையான நிலை. அங்கிருந்து அரைச் சுற்று மிதித்தால் பெடல்கள் இடம் மாறி மறுபடியும் சமமாக வந்து நிற்கும். நடுவில் ஒரு பெடல் உச்சியிலும் மற்றது அடியிலும் செங்குத்தாக வரும் கணத்தில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறோம். அந்த இடத்தில் காலுக்குப் பிடிமானம் இல்லை. தயங்கினால் சக்கரம் அங்கேயே நின்றுவிடும். தயங்காமல் அதைத் தாண்டிப் போவதுதான் முதல் பாடம். அரைச் சுற்று, நிதானம், மறுபடி அரைச் சுற்று. பிறகு இரண்டு அரைச் சுற்றைச் சேர்த்து ஒரு முழுச் சுற்று.

இரண்டாவது பாடம், எடையைச் சீட்டில் வைப்பது. பெடலில் எழுந்து நிற்கத்தான் உடம்பு துடிக்கும். உட்கார வேண்டும், மூட்டையைத் திண்ணையில் இறக்கிவைப்பதுபோல முழு எடையோடு. மூன்றாவதைச் சொல்லித் தந்தவள் கோர்ட்டுக்கு விளையாட வந்த பக்கத்து வீட்டுச் சிறுமி. "தாத்தா, சக்கரத்தைப் பாக்காதீங்க, அந்த மரத்தைப் பாருங்க!" என்று கத்தினாள். தலை குனிந்தால் உடம்பும் முன்னால் குனிகிறது. தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்தால் முதுகு தானாக நிமிர்கிறது. வேலியை விட்டு மூன்று, நான்கு சுற்று போன முதல் தடவை, நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த வேப்பமரத்தைத்தான்.

பின்பக்கமாக விழுவது பெரும்பாலும் ஏறும்போதுதான் நடக்கும். முன்பக்கம் உயர்ந்திருக்கும் பெடலை மிதித்துக்கொண்டு ஏறப் பார்த்தால் சக்கரம் முன்னால் ஓடிவிடும், உடம்பு பின்னால் போகும். கை தானாகத் தரையில் ஊன்றும், மணிக்கட்டு அடி வாங்கும். கற்கும் காலத்தில் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு செங்கல்லை வையுங்கள், அல்லது நடைபாதை விளிம்பில் சக்கரத்தை முட்டவைத்து ஏறுங்கள். பின்பக்கம் தாழ்ந்திருக்கும் பெடலில் முதல் காலை வைத்து, எடையைச் சீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மற்றக் காலைத் தூக்க வேண்டும். மணிக்கட்டுக் கவசம், முழங்கால் பேட், ஹெல்மெட் மூன்றும் கட்டாயம். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆணி பதித்த இரும்புப் பெடல் முழங்காலுக்குக் கீழே எலும்பைக் கிழித்துவிடும். பிளாஸ்டிக் பெடல் போதும். வேட்டியோ லுங்கியோ கட்ட வேண்டாம், ஷூ லேஸை உள்ளே செருகிக்கொள்ளுங்கள்.

எலும்பு தேய்மானம் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், தலைசுற்றல் வருபவர்கள் இதைத் தொட வேண்டாம். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். மற்றவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் குறைந்தது மூன்று நாள் சமநிலைக்கும் தசை வலிமைக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அவர்கள் யூனிசைக்கிளைச் சொல்லவில்லை. ஒற்றைக் காலில் நிற்பதும் அந்தக் கணக்கில் சேரும். ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியை நான் பலமுறை தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறேன். யூனிசைக்கிளை விட மனம் வரவில்லை. ஒரு தடவைக்கு இருபது நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் போதும். முந்தின நாள் வராதது, ஒரு நாள் இடைவெளி விட்டுப் போனால் சுலபமாக வந்துவிடுவதைப் பலமுறை உணர்ந்திருக்கிறேன். இளைஞர்கள் ஒரே மூச்சில் பழகுவதைப் பார்த்து நாமும் மணிக்கணக்கில் நிற்கத் தேவையில்லை.

சுற்றி நிற்பவர்கள் என்ன சொல்வார்களோ என்று தயங்குபவர்களுக்கு ஒரு நல்ல துணை உண்டு. இங்கிலாந்தின் நியூகாசலில் தோல் மருத்துவப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சாம் ஷூஸ்டர், தெருவில் யூனிசைக்கிள் ஓட்டியபோது 400க்கும் மேற்பட்டோர் எப்படி நடந்துகொண்டார்கள் என்று குறித்துவைத்து, 2007 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரையாக எழுதினார். பார்த்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏதாவது ஒரு விதத்தில் எதிர்வினை காட்டினார்கள். பெண்கள் பெரும்பாலும் ஊக்கப்படுத்தினார்கள். ஆண்கள் பலர் 'இன்னொரு சக்கரம் எங்கே?' என்ற ரகக் கிண்டலையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய இதே கலவைதான். ஒரு வாரம் போனால் எல்லாரும் பழகிவிடுகிறார்கள். அதன் பிறகு மிஞ்சுவது சுத்தமான சந்தோஷம். வண்டியில் இருக்கும் நேரத்தில் வேறு எந்த யோசனைக்கும் மனதில் இடமில்லை. கரண்ட் பில்லும் வராது, பென்ஷன் கவலையும் வராது. நடைப்பயிற்சியில் இது எனக்குக் கிடைத்ததே இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். வண்டியோடு வந்த சீட்டு கட்டை மாதிரி இருக்கிறது. பத்து நிமிடத்தில் தொடையிடுக்கு மரத்துப்போகிறது. பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் பாதி வலியைக் குறைக்கும். மீதிக்கு நல்ல ஸ்பாஞ்ச் சீட்டு வாங்கி மாற்ற வேண்டும். ட்யூபும் டயரும் இங்கேயே கிடைக்கின்றன, ஆனால் சீட்டும் க்ராங்கும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது, சுங்க வரியோடு. கடைக்குப் போய்வர இது உதவாது. நெரிசலான சாலையில் இறக்கவே கூடாது. தூரம் போக ஆசை வந்தால் பிறகு 24க்கோ 29க்கோ மாறலாம். பிரிட்டனைச் சேர்ந்த எட் பிராட் 36 அங்குலச் சக்கரத்தில்தான் 2015 முதல் 2018 வரை உலகைச் சுற்றி வந்தார். மோட்டார் வைத்த ஒற்றைச் சக்கர வண்டியை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். அதில் முன்பின் சமநிலையை மோட்டார் பார்த்துக்கொள்கிறது, வேகமும் மிக அதிகம், விழுந்தால் அடியும் அந்த அளவுக்கு இருக்கும்.

சர்வதேச யூனிசைக்கிள் கூட்டமைப்பு திறனைப் பத்து நிலைகளாகப் பிரித்திருக்கிறது. முதல் நிலைக்குக் கேட்பது மூன்றே விஷயம்: எதையும் பிடிக்காமல் ஏற வேண்டும், 50 மீட்டர் ஓட்ட வேண்டும், வண்டியை முன்னால் பிடித்தபடி ஒழுங்காக இறங்க வேண்டும். வாங்குபவர்கள் இதை இலக்காக வைத்துக்கொள்ளலாம். ஓட்டுவது முதலில் வரும், ஏறுவதற்கு அதைவிட நாள் பிடிக்கும். இறங்குவதை மட்டும் முதல் நாளிலிருந்தே வேலிப் பக்கத்தில் தனியாகப் பழகிக்கொள்ளுங்கள்: தாழ்ந்திருக்கும் பெடலில் எடையைக் கொடுத்து, சீட்டின் முன்பக்கத்தைக் கையால் பிடித்து, மற்றக் காலைப் பின்னால் தரையில் வைப்பது.