கோழிக் குஞ்சின் தேவையும் அட்டவணையின் எல்லையும்

இறைச்சிக் கோழிக் குஞ்சு நன்கு வளர எவ்வளவு புரதம் வேண்டும்? இக்கேள்விக்கு விடை தேடுவோர் புரட்டும் நூல்களில் முதன்மையானது, அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1994-இல் வெளியிட்ட ‘கோழியினங்களின் ஊட்டத் தேவைகள்’ நூலின் ஒன்பதாம் பதிப்பு. முதல் மூன்று வாரங்களுக்குத் தீவனத்தில் 23 சதவீதம் புரதம், அடுத்த மூன்று வாரங்களுக்கு 20 சதவீதம், அதன்பின் 18 சதவீதம் என்று அது வகுக்கிறது. முதற் பருவத்தில் லைசின் 1.10 சதவீதம், மெதியோனின் 0.50 சதவீதம். இவை யாவும் கிலோவுக்கு 3,200 கிலோகலோரி ஆற்றல் தரும் தீவனத்திற்கு உரியவை.

இந்த நிபந்தனை முக்கியமானது. குஞ்சு பெரும்பாலும் தன் ஆற்றல் தேவையை ஒட்டியே உண்கிறது. ஆற்றல் செறிந்த தீவனத்தைக் குறைவாகத் தின்னும். அப்போது புரதச் செறிவையும் உயர்த்தாவிட்டால் வளர்ச்சி குன்றும். புரதத்தின் மொத்த அளவு மட்டும் போதாது. செங்கல் குவிந்து கிடந்தாலும் சுண்ணாம்பு தீர்ந்தால் சுவர் எழும்பாது அல்லவா? லைசின் குறைந்தால், மிஞ்சிய அமினோ அமிலங்கள் தசையாகாமல் சிதைகின்றன. அவற்றின் நைட்ரஜன் யூரிக் அமிலமாக எச்சத்தில் வெளியேறுகிறது.

நூலின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். சோதனைச் சான்று இல்லாத இடங்களில் ஊகித்துத் தந்த எண்களைத் தடித்த சாய்வெழுத்தில் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். தந்தவை குறைந்தபட்சத் தேவைகளே, பாதுகாப்புக்கென எதுவும் கூட்டவில்லை என்றும் கூறுகிறார்கள். அட்டவணையை மட்டும் படியெடுப்பவரிடம் இந்த எச்சரிக்கைகள் போய்ச் சேருவதில்லை.

குறைகளும் உண்டு. ‘தேவை’ என்பது ஒற்றை எண்ணாக நிற்கிறது. உண்மையில், ஊட்டம் கூடக் கூட வளர்ச்சி வேகமாக உயர்ந்து, பிறகு மெல்லத் தளர்கிறது. எடை கூடுவதற்குப் போதுமான லைசின், தீவனத்தைச் சிக்கனமாக இறைச்சியாக்கப் போதாது. எந்தப் பயனுக்காக என்று கேட்காமல் தேவையைச் சொல்ல முடியாது. மேலும், அட்டவணை தருவது மொத்த அமினோ அமில அளவு. குஞ்சின் குடல் செரித்து ஏற்கும் அளவு தீவனப் பொருளுக்குப் பொருள் வேறுபடும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, கோழியே மாறிவிட்டது என்பது. வட கரோலினாவில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 1957-ஆம் ஆண்டு வகைத் தீவனம் உண்ட அக்காலக் கோழியினம் 42 நாளில் 539 கிராம் எடையே எட்டியது. 2001-ஆம் ஆண்டுத் தீவனம் உண்ட புதிய இனம் 2,672 கிராம் எட்டியது. இவ்வேறுபாட்டில் 85 முதல் 90 சதவீதம் மரபுத் தேர்வின் விளைவு. எஞ்சியதே தீவனத்தின் பங்கு. இன்று கோழியினங்களை உருவாக்கும் நிறுவனங்கள் பரிந்துரைக்கும் லைசின் அளவு நூலின் எண்ணைவிட உயர்ந்திருப்பதில் வியப்பில்லை.

கோழி வளர்ப்பில் செலவின் பெரும்பகுதி தீவனத்திற்கே போகிறது. ஆகவே மாணவர்கள் இந்நூலைக் கட்டாயம் கற்க வேண்டும். ஆனால் எந்தக் கோழி, எந்தத் தீவனம், எந்தப் பயன் என்ற மூன்று கேள்விகளையும் கேட்ட பின்னரே அதன் எண்களைக் கையாள வேண்டும்.