தேவையான பொருட்கள், செய்முறை

பெண்கள் பத்திரிகைகளில் வரும் கைவேலைப் பக்கத்தைத் தமிழ்த் துறைக்காரர்கள் ஒரு பிரதியாக எண்ணிப் படிப்பதில்லை. சமையல் குறிப்புக்குக்கூட இப்போது கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது; உணவும் பண்பாடும் என்று கருத்தரங்கு நடத்துகிறார்கள், கட்டுரை வாசிக்கிறார்கள். பழைய வளையலில் வாசல் தோரணம், ஃபியூஸ் போன பல்பில் பென்குயின், ஐஸ் குச்சியில் பேனா ஸ்டாண்டு, கிழிந்த சேலையில் கால்மிதி என்று ஆண்டுக்கணக்கில் அச்சாகி வந்த பக்கங்களுக்கு அந்த இடமும் கிடைக்கவில்லை. பெண்ணியம் பேசுகிற நம்மிடமும் அவற்றுக்கு இரண்டு முகபாவங்கள்தாம் உண்டு. ஒன்று, பெண்ணை வீட்டுக்குள்ளேயே உட்கார வைக்கும் தந்திரம் என்ற எரிச்சல். மற்றது, நம் பாட்டிகளுக்குத்தான் எவ்வளவு கற்பனை என்ற நெகிழ்ச்சி. இரண்டுமே அந்தப் பக்கத்தை முழுதாகப் படிக்காமல் எடுக்கிற முடிவுகள்.

படித்தால் முதலில் கண்ணில் படுவது அதன் இலக்கணம். தலைப்பு, ‘தேவையான பொருட்கள்’, ‘செய்முறை’. செய்முறையில் வரும் வினைகள் எல்லாம் ஒரே வாய்பாடு: வெட்டவும், ஒட்டவும், காயவிடவும், கோக்கவும். இதில் முன்னிலை இல்லை. ஆண்பால் பெண்பால் இல்லை. அலுவலகச் சுற்றறிக்கை பேசுகிற அதே தொனி. யார் வெட்டுவது, யார் ஒட்டுவது என்று வினைமுற்று சொல்லவில்லை. சொல்லாமலே படிப்பவர் எல்லோருக்கும் தெரிகிறது. பால்காட்டாத ஒரு வினைவடிவம் இத்தனை உறுதியாக ஒரே பாலைச் சுட்டுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் வகுப்பில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஒரு செய்முறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காலண்டர் தாளில் செய்யும் வாசல் திரை. என் வயதுப் பெண்கள் பலரும் ஏதாவதொரு வீட்டில் பார்த்திருப்பார்கள். வழவழப்பான பழைய காலண்டரையோ பத்திரிகை அட்டையையோ நீளத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு ஜெம் கிளிப்பின் மேலும் சுற்றி ஒட்ட வேண்டும். கிளிப்புகளை ஒன்றில் ஒன்று மாட்டினால் மணிச்சரம் போல ஆகும். சரங்களை ஒரு கம்பில் வரிசையாகக் கட்டி நிலையில் தொங்கவிட்டால் திரை. செலவே இல்லாத அழகு என்பது இந்தப் பக்கம் தரும் வாக்குறுதி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிளிப் ஒன்று ஏறத்தாழ 3 செ.மீ. நீளம், ஆறரை அடி உயர வாசலுக்கு ஒரு சரத்தில் 65 கிளிப். மூன்றடி அகலத்துக்கு நெருக்கமாகக் கட்டினால் 30 சரம். மொத்தம் 1,950 மணிகள். கை பழகிய பிறகு ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 32 மணி நேரத்துக்கு மேல். நூறு கிளிப் உள்ள பெட்டி இருபது வாங்க வேண்டும் என்பது தனி. ‘தேவையான பொருட்கள்’ பட்டியலில் காலண்டர், கத்தரிக்கோல், பசை, கிளிப் எல்லாம் இருக்கும். அந்த முப்பத்திரண்டு மணி நேரம் இருக்காது.

அந்த நேரம் எங்கிருந்து வருகிறது? 2019ஆம் ஆண்டு இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதே வேலையில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். இந்த ஐந்து மணி நேரத்துக்கு அப்புறமும் மிச்சம் ஏதோ இருக்கிறது என்பது கைவேலைப் பக்கத்தின் நம்பிக்கை. அதற்கு அது வைத்திருக்கும் பெயர் ‘ஓய்வு நேரம்’. ‘ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்குங்கள்’ என்ற வாக்கியத்தில் ஓய்வு என்ற சொல் என்ன பாடுபடுகிறது பாருங்கள். பயனுள்ளதாக்கிவிட்டால் அது எப்படி ஓய்வாக இருக்கும்? ஆண் ஓய்வெடுத்தால் படுப்பான், பேப்பர் படிப்பான், டீக்கடைக்குப் போவான். அவனுக்கு யாரும் கிளிப் சுற்றச் சொல்லித் தருவதில்லை.

இதோடு நிறுத்தினால் எரிச்சல் கட்சிக்கு வெற்றி கிடைத்துவிடும். எனக்கு அதில் சம்மதமில்லை. என் அம்மாவின் தலைமுறையில் மதியம் இரண்டு மணிக்குமேல் திண்ணையில் ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருந்தால் யாராவது ஒரு வேலை ஏவுவார்கள். மடியில் பாதி பின்னிய ஒயர்கூடையோ கால்மிதியோ இருந்தால் ஏவமாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு கைவேலையை எடுத்துக்கொண்டு வருவார்கள். அங்கே பேசப்பட்டவை மாமியார் கொடுமை, கருக்கலைப்பு, யாருடைய புருஷன் எங்கே போகிறான் என்பது, சீட்டுப் பணம். நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் முடிச்சு எல்லாம் அந்தப் பேச்சுக்குக் கொடுத்த நுழைவுச் சீட்டு. கை வேலை செய்தது. வாயும் காதும் வேறு வேலை பார்த்தன. பத்திரிகைப் பக்கத்துக்கு இது தெரியாது. அது ஒரு பெண்ணைத் தனியாகத்தான் கற்பனை செய்கிறது.

தமிழ் படித்தவளுக்கு இங்கே ஒரு சொல் இடறும். பனுவல். இன்று நாம் ‘டெக்ஸ்ட்’ என்பதற்கு இணையாக எடுத்து ஆளும் சொல். சங்கப் பாட்டில் அது பஞ்சு, நூற்ற இழை. ஆண் துணையில்லாத பெண்கள் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய பனுவலை மலையில் தவழும் மேகத்துக்கு உவமையாக்குகிறது நற்றிணை. புறநானூற்றில் இரவில் எழுந்து சிறு விளக்கொளியில் குப்பை கூளத்தைப் புடைக்கும் பருத்திப் பெண்டு வருகிறாள். பின்னாளில் நன்னூல் பாயிரம் நூல் என்ற சொல்லின் இரு பொருளையும் பொருத்திக் காட்டும்போது, சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் அவன் வாயைக் கையாகவும் அறிவைக் கதிராகவும் சொல்கிறது. எவ்வளவு அழகான உவமை! இலக்கணம் வகுப்பவன் தன்னைப் பெண்ணாக நினைத்துக்கொள்ளும் அரிய இடம். ஆனால் புலவர்களின் பெயர்களைத் தொகுத்து வைத்த மரபில், கதிர் பிடித்த பெண் ஒருத்தியின் பெயர்கூட அவள் நூலுக்காக நமக்கு வந்து சேரவில்லை. உவமைக்கு அவள் வேலை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

மேற்கில் இந்தப் பெயரின்மையைப் பற்றிய சண்டை 1970களில் நடந்தது. மெலிசா மேயரும் மிரியம் ஷபீரோவும் ‘ஹெரசீஸ்’ என்ற பெண்ணிய இதழில் 1977-78இல் எழுதிய கட்டுரை இன்றும் படிக்க வேண்டியது. கொலாஜ் என்பது 1912 வாக்கில் பிக்காசோவும் பிராக்கும் கண்டுபிடித்த உத்தி என்று கலை வரலாறு சொல்லிக்கொண்டிருக்க, அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பெண்கள் துணித் துண்டும் கடிதமும் படமும் சேர்த்து வைத்து ஒட்டியும் தைத்தும் செய்தது என்ன என்று அவர்கள் கேட்டார்கள். அதற்கு ‘ஃபெமாஜ்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு பொருளை அப்படி அடையாளம் காண 14 அளவுகோல்களும் கொடுத்தார்கள்: பெண் செய்திருக்க வேண்டும், மிச்சம் மீதி பயன்பட்டிருக்க வேண்டும், நெருங்கியவர்கள் பார்க்கச் செய்யப்பட்டிருக்க வேண்டும், மறைமுகமான படிமம் இருக்க வேண்டும் என்று போகும் அந்தப் பட்டியல். பாதியாவது பொருந்தினால் போதுமாம். நம் வளையல் தோரணம் சுலபமாகத் தேறிவிடும்.

மறைமுகமான படிமம் என்பதில்தான் நான் நின்றுவிடுகிறேன். வளையல் தோரணத்துக்குத் தேவையான பொருள், ‘உபயோகமில்லாத கண்ணாடி வளையல்கள்’. ஒரு வீட்டில் யாருடைய வளையல் உபயோகமில்லாமல் போகும்? கை பெருத்துவிட்டவளுடையது, மோஸ்தர் மாறியபின் மகள் ஒதுக்கியது. இன்னொருத்தியும் இருக்கிறாள். கணவன் இறந்தபின் இனி போடக்கூடாது என்று விதிக்கப்பட்டவள். அவள் வளையலும் கம்பளி நூல் சுற்றப்பட்டு வாசலில் மங்கலமாகத் தொங்கும்; மங்கல காரியத்துக்கு அவள் அந்த வாசலில் முன்னால் வந்து நிற்க முடியாது. ஷபீரோவின் பட்டியலில் இதற்கு இடம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை. கட்டாயம், நேரம், விலக்கு ஆகிய மூன்றும் அந்தப் பதினாலில் இல்லை. ஆலிஸ் வாக்கர் 1973இல் எழுதிய ‘எவ்ரிடே யூஸ்’ கதை இந்த விஷயத்தில் அந்தக் கோட்பாட்டைவிடக் கூர்மையானது. படித்து நகரத்துக்குப் போன மகள் பாட்டி தைத்த ஒட்டுப்போர்வைகளைச் சுவரில் மாட்டக் கேட்கிறாள். அம்மா அவற்றை, போர்த்திப் போர்த்தியே கிழித்துவிடப் போகிற, தானே தைக்கவும் தெரிந்த மற்ற மகளிடம் கொடுக்கிறாள். நெகிழ்ச்சிக் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய கதை.

உடைந்த வளையலைப் பற்றிப் பேசும்போது சண்டிகரின் பாறைத் தோட்டத்தை விட்டுவிட முடியாது. நேக் சந்த் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தவர். யாருக்கும் தெரியாமல் அரசு நிலத்தில், உடைந்த பீங்கான், கழிப்பறை ஓடு, வளையல் துண்டு எல்லாவற்றையும் சேர்த்து நூற்றுக்கணக்கான உருவங்கள் செய்தார். கண்டுபிடித்த அதிகாரிகள் முதலில் திகைத்தார்கள், 1976இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது, அவருக்குச் சம்பளமும் உதவிக்கு வேலையாட்களும் கிடைத்தார்கள், 1984இல் பத்மஸ்ரீ. மகத்தான படைப்பு, எனக்குச் சந்தேகமில்லை. அதே மாதிரிப் பொருட்கள், அதே மாதிரிச் சேகரிப்புப் பித்து, அதே மாதிரி ஊதியமில்லாத ஆண்டுகள். வேறுபாடு, அவரிடம் வீட்டுக்கு வெளியே ஏக்கர்கணக்கில் ஒதுங்கிய இடம் இருந்தது. வேலை முடிந்து இரவில் அங்கே போய்வர முடிந்தது. ஒரு சாலை ஆய்வாளரின் மனைவி பதினெட்டு ஆண்டு இப்படி இரவில் காட்டுக்குப் போய்வந்திருந்தால் முதல் வாரத்திலேயே ‘கண்டுபிடித்திருப்பார்கள்’.

இடம் என்றதும் சுவர் நினைவுக்கு வருகிறது. அலங்காரம் செய்யச் சுவர் வேண்டும். வாடகை வீட்டில் முதல் நிபந்தனையே ஆணி அடிக்கக் கூடாது என்பதுதான். நிலைவாசல் தோரணமும் தொங்கும் திரையும் இத்தனை பரவலானதற்கு அழகுணர்ச்சியோடு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சொந்த வீடாக இருந்தாலும் அது யார் பெயரில்? தமிழ்நாட்டில் இந்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை சட்டப்படி வந்தது 1989இல். அதற்குப் பிறகும் ‘எனக்கு வேண்டாம்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எத்தனையோ பேர் தங்கள் பெயரில் இல்லாத சுவரைத்தான் அழகுபடுத்திக் கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது குப்பை. கைவேலைப் பக்கம் இந்தச் சொல்லைத் தொடுவதேயில்லை. ‘வேண்டாத பொருள்’, ‘வீணாகும் பொருள்’ என்று சுற்றி வளைக்கும். காரணம் இருக்கிறது. குப்பை என்றால் சாதி வந்துவிடும். கழுவித் துடைத்த ஹார்லிக்ஸ் பாட்டில் வீட்டுக்குள் இருக்கும்வரை கலைக்கான மூலப்பொருள். அது வாசலைத் தாண்டித் தெருத்தொட்டிக்குப் போனால் அதை எடுக்கும் கை பெரும்பாலும் தலித் பெண்ணின் கை, ஒப்பந்தக் கூலி, கையுறை இருந்தால் பாக்கியம். அவள் செய்வதும் சேகரிப்பு, பிரிப்பு, மறுபயன்பாடு. அதை யாரும் படைப்பூக்கம் என்பதில்லை. வீட்டுக்குள் இருக்கும் பெண்ணின் சிக்கனம் பண்பாகவும் அவளுடைய பிழைப்பு தீட்டாகவும் பார்க்கப்படுகிற வரைக்கும், மறுசுழற்சி என்ற பொதுச்சொல்லால் இருவரையும் ஒன்றாகக் கட்டுவது பொய். சூழலியலும் பெண்ணியமும் கைகோக்கும் மேடைகளில் இந்த வாசற்படியைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

ரீல்ஸ் காலத்தில் இந்த வகைமை ஒன்றும் அழிந்துவிடவில்லை, உடை மாற்றிக்கொண்டது. காலி பாட்டிலுக்கு இப்போது அக்ரிலிக் பெயின்ட், க்ளே, சணல் கயிறு, சூடான பசைத் துப்பாக்கி, மேலே பூச வார்னிஷ். கடையில் புது ஜாடியே வாங்கிவிடலாம். முப்பத்திரண்டு மணி நேரம் முப்பது வினாடியாக ஓடுகிறது. வேகமாக நகரும் அந்தக் கைகளுக்கு மேலே முகம் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. பழைய பக்கத்தின் ஆளற்ற வினைமுற்று இப்போது முகமற்ற கையாக வந்திருக்கிறது. பள்ளிகளில் ‘பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்’ என்று பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து ஒட்டுவது அம்மா. காலையில் பரிசு வாங்குவது பிள்ளை.

சென்ற பருவத்தில் முதுகலை மாணவிகளிடம் வீட்டில் இருக்கும் ஒரு கைவேலைப் பொருளை எடுத்துக்கொண்டு, விடுபட்டவற்றையும் சேர்த்து அதன் ‘தேவையான பொருட்கள்’ பட்டியலை எழுதிவரச் சொன்னேன். ஒருத்தி தன் அம்மா பின்னிய கால்மிதியைப் பற்றி எழுதியிருந்தாள். பழைய சேலை மூன்று. அதில் ஒன்று தம்பிக்குத் தூளியாகக் கிடந்தது. கத்தரிக்கோல். பதினோரு மதியங்கள். அப்பா வெளியூர் போயிருக்க வேண்டும். கரண்ட் இருக்க வேண்டும் என்று எழுதி அடித்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் போதும் என்று மாற்றியிருந்தாள். பக்கத்து வீட்டு அத்தை. கடைசியாக, மிதிக்க ஆட்கள் ஐந்து பேர். செய்முறைக்கு அடியில் பின்னியவரின் முழுப்பெயரும், தேதி நினைவில்லாததால் ஆண்டு மட்டும். அந்தப் பெயரை வகுப்பில் சத்தமாகப் படித்தபோது, மற்றவர்களும் தங்கள் தாள்களைத் திரும்ப வாங்கி அடியில் பெயர் எழுதிக் கொடுத்தார்கள்.