கல்லும் கண்ணாடிப் பெட்டியும்

இலங்கையின் பழைய பாணித் தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ சொன்னால், கூடவே யாரும் கேட்காத ஒரு தட்டும் மேசைக்கு வரும். யாழ்ப்பாணத்துச் சைவக் கடையென்றால் உழுந்து வடை, கடலை வடை, மரக்கறி ரோல்ஸ். தெற்கே போனால் கட்லட், பற்றிஸ், மீன் வைத்த முக்கோண மாலு பாண். தின்றதற்கு மட்டும் காசு. எழும்பும்போது பரிமாறுபவர் தட்டில் குறைந்ததை எண்ணிக் கணக்குச் சொல்வார். மிச்சம் கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பும். தொட்டதை எடுத்துக்கொள்வது முறை.

தமிழ்நாட்டில் சொல்லாதது வராது. இலையில் தண்ணீர் தெளித்து முடிப்பதற்குள் பரிமாறுபவர் இட்லி, பொங்கல், பூரி, ரவா, ஊத்தப்பம் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார். பெயர் தெரியாத வெளியூர்க்காரர் காதில் கடைசியாக விழுந்ததைச் சொல்வார், அல்லது இட்லியில் ஒதுங்குவார். மதுரைக் கறி தோசையை, அதாவது தோசை, முட்டை, கொத்துக்கறி என மூன்றடுக்காக வருவதை, பெயர் அறிந்து கேட்டால்தான் உண்டு. அசைவ மெஸ்களில் சுக்கா, ஈரல், கோலா உருண்டையைத் தாம்பாளத்தில் அடுக்கிக் கொண்டுவந்து காட்டுவார்கள். அதுவும் காட்டுவதற்குத்தான், வேண்டுமென்று சொன்னால்தான் கிண்ணம் இலைக்கு இறங்கும்.

இதை உபசரிப்பின் ஏற்றத்தாழ்வாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறுபாடு அடுப்பில் இருக்கிறது. ரோல்ஸும் பாணும் ஆறினாலும் பெட்டியில் சில மணி நேரம் தாங்கும். ஆகவே மேசை மேசையாகச் சுற்றலாம். தோசை கல்லிலிருந்து இறங்கிய ஐந்து நிமிடத்தில் தளர்ந்துவிடும். ஆள் சொன்ன பிறகே மாவை ஊற்ற முடியும்.

இரவுக் கடைகள் இதற்குச் சாட்சி. இலங்கையில் கொத்து ரொட்டிக் கல் சூடேறியதும் கேளாமல் வரும் தட்டு காணாமல் போகிறது. முட்டையா, கோழியா, மாடா என்று அங்கேயும் கேட்டுத்தான் கொத்துகிறார்கள். விருதுநகரின் எண்ணெய்ப் பரோட்டாவுக்கும் தென்மாவட்டங்களின் சால்னா ஊற்றிய கொத்து பரோட்டாவுக்கும் அதே நியதிதான்.

கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு குறையுண்டு. ஊரின் தனிச்சுவை பெரும்பாலும் அதற்குள் இருப்பதில்லை. குரக்கன் புட்டு, ஒடியல் கூழ் போன்றவற்றுக்கு வடக்கில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களைத் தேடிப் போக வேண்டும். கண்ணெதிரே சமைப்பதைப் பார்த்து வாங்கலாம். தமிழ்நாட்டின் அம்மா உணவகத்தோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. 2013இல் சென்னையில் தொடங்கிய அது, ஒரு ரூபாய் இட்லியால் உழைப்பாளியின் பசியைத் தீர்க்க வந்தது. அம்மாச்சியோ உள்ளூர்த் தானியத்தையும் கைப்பக்குவத்தையும் விற்கும் இடம்.

ஆகவே இலங்கையில் காலையும் மாலையும் தட்டை நம்புங்கள். வடை முறுகலாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கல் இருக்கும் இடத்தில், எந்தக் கரையானாலும், வாயைத் திறங்கள். பட்டியல் புரியாவிட்டால் பக்கத்து இலையைக் காட்டி “அண்ணே, அது என்ன?” என்று கேளுங்கள். பரிமாறுபவருக்கு முன் பக்கத்து இலைக்காரரே பதில் சொல்வார், எதைத் தொட்டுத் தின்ன வேண்டும் என்பது உட்பட.