சீரமைத்த காரின் கோப்பு

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்து பிரிட்டிஷ் திறந்த கார் ஒன்றைச் சீரமைத்து விற்பவர் முதலில் காட்ட வேண்டியது சீரமைப்புக் கோப்பை. பளபளக்கும் வண்ணப்பூச்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அன்று பென்ட்லி ஆலை சேஸியும் எஞ்சினுமாகவே வண்டியை விற்றது. வான்டன் பிளா போன்ற பட்டறைகள் ஆஷ் மரச் சட்டத்தின் மேல் பாடி கட்டின. மரம் உளுத்துப்போகும், துணிக்கூரை கிழியும். எதுவும் மாறாத வண்டி என்பது அபூர்வம்.

மாறியதெல்லாம் போலி ஆகிவிடாதா? இந்தக் கேள்வி 1990இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே போனது. லெ மான் பந்தயத்தை 1929, 1930 இரண்டு ஆண்டும் வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ பென்ட்லிக்கு ஒரு கோடி பவுண்டு விலை பேசிய நிறுவனம், 1929இன் பாகங்கள் இதில் ஏறக்குறைய இல்லை என்று பின்வாங்கியது. பாகங்கள் மாறியதை நீதிபதி ஆட்டன் ஏற்றார். ஆனால் வண்டியின் வரலாறு எங்கும் அறுபடவில்லை, ஆகவே அந்தப் பெயர் அதற்கே உரியது என்று தீர்ப்பளித்தார். மிகச் சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் சொன்னால் விலை குறையுமே என்பார்கள். குறையலாம். ஆனால் தொடர்ச்சிதான் அடையாளம் என்றால், அதற்குச் சாட்சி அந்தக் கோப்பு மட்டுமே: சேஸி எண், எஞ்சின் எண், தகடு போர்த்துமுன் எடுத்த மரச்சட்டப் படங்கள், கழற்றிப்போட்ட பாகங்களின் பட்டியல். இவற்றை மறைப்பவர் தான் விற்கும் பொருளில் பாதியைத் தானே அழிக்கிறார்.