அருவி தெளியவைப்பது எதை?

புத்தி பேதலித்தவரைக் குற்றால அருவியில் நிறுத்தினால் தெளிந்துவிடும் என்ற பேச்சு கடையநல்லூர், தென்காசிப் பக்கம் பழையது. கேலியாகவும் சொல்வார்கள், பிள்ளையை வைத்துக்கொண்டு வழி தெரியாமல் தவிக்கும் வீட்டில் நிஜமாகவும் சொல்வார்கள். மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மனம் உடம்புக்கு வெளியே எங்கோ இருப்பதல்ல, தலையில் விழும் தண்ணீர் நினைப்பையும் தொடும் என்ற கணக்கு இதற்குள் இருக்கிறது. சித்த மருத்துவம் மனக்கோளாறையும் வாத, பித்த, கபத்தில் வைத்துப் பார்த்தது இப்படித்தான். “எல்லாம் மனசுதான், தைரியமா இரு” என்று உபதேசிக்கும் படித்தவர்களைவிட இது ஒருபடி மேல்.

பேரருவியில் தண்ணீர் பாதி வழியில் பொங்குமாங்கடல் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து வழிவதால்தான் கீழே ஆள் நிற்க முடிகிறது. அப்படியும் முதலில் மூச்சு முட்டும். பிடரியில் அறைவதுபோல் விழும். பக்கத்தில் கத்துகிறவர் குரல்கூடக் கேட்காது. அந்த நேரத்தில் வீட்டுக்கடன் ஞாபகம் வராது. குளிர்நீர் பட்டதும் மூச்சும் நாடித்துடிப்பும் மாறுவதை உடலியலும் ஒப்புக்கொள்கிறது.

ஆனால் துண்டால் துவட்டிக்கொண்டு வண்டி ஏறும்போது கடனும் கூடவே ஏறிக்கொள்ளும். கவனத்தைக் கொஞ்ச நேரம் திருப்புவது வேறு, மனச்சிதைவு நோயாளியின் காதில் ஓயாமல் பேசும் குரலை நிறுத்துவது வேறு. ஐரோப்பிய மனநல விடுதிகளும் 19ஆம் நூற்றாண்டில் நோயாளிகளின் தலையில் குளிர்நீரைக் கொட்டிப் பார்த்தன. பல இடங்களில் அது தண்டனையாகவே மாறியது.

இடத்துக்குப் பலனே இல்லையா? தமிழ்நாட்டில் முத்துசாமி கோயிலில் மனநோய் தீரத் தங்கிய 31 பேரை மனநல மருத்துவர் ரகுராம் குழுவினர் ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கல். மருந்து இல்லை, தனிச் சடங்கும் இல்லை. நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிட இன்னொரு குழு இல்லாததால் இதைப் பெரிதாகக் கொண்டாட முடியாது. ஆனாலும் மிரட்டாத இடமும், கூடவே தங்கிய உறவினரும் ஏதோ செய்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லா இடமும் அப்படி இல்லை. அந்தக் கட்டுரைக்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்கா ஊரான ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவிட்ட வீட்டாரும் புனித இடம் குணமாக்கும் என்றுதான் நம்பினார்கள். சங்கிலியை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்கிறது. ஏர்வாடியிலேயே பின்னர் மருந்தையும் பிரார்த்தனையையும் சேர்த்த ‘தவா–துவா’ திட்டம் வந்தது. கடையநல்லூரிலிருந்து குற்றாலம் போகிறவர்களுக்குத் தென்காசி அரசு மருத்துவமனை வழியில்தான். முதலில் அங்கே இறங்க வேண்டும்.

அருவி நம்பிக்கையின் பெரிய ஓட்டை வேறொன்று. உடம்பு மனத்தை மாற்றுவதை அது கண்டுகொண்டது. மனம் உடம்புக்கு நேர்வதை மாற்றிக் காட்டும் என்பதை மறந்துவிட்டது. விரும்பி நிற்பவருக்கு அந்த அடி சுகம். தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று ஏற்கெனவே அஞ்சுபவரைக் கையைக் காலைப் பிடித்து இழுத்துப்போய் நிறுத்தினால், அதே தண்ணீர் அவருடைய பயத்துக்கு அத்தாட்சியாகிவிடும்.