ஒற்றாடலும் அதன் எல்லையும்

திருக்குறட் பொருட்பாலின்கண் ஐம்பத்தொன்பதாம் அதிகாரமாக அமைந்தது ஒற்றாடல். யாவரிடத்தும் நிகழ்வனவற்றை நாடோறும் விரைந்தறிதல் வேந்தன் தொழில் என்றும், தன் வினைசெய்வாரையும் சுற்றத்தாரையும் பகைவரையும் ஒருங்கே ஆராய்வது ஒற்று என்றும் அது கூறும். இவற்றைக் கொண்டு, நாட்டின் காவல் கருதியவிடத்து அரசின் கண்ணுக்கு வரம்பில்லை என்பாரும் உளர். அம்முடிபு அதிகாரத்தின் அமைதிக்குப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்குறளிலேயே வேந்தனுக்குக் கண்கள் இரண்டு எனப்படுகின்றன: ஒன்று ஒற்று, மற்றையது புகழமைந்த நூல். பரிமேலழகர் இந்நூலை நீதிநூல் என்பர். நீதியை உடன்வைத்த பின்னரே ஆசிரியர் ஒற்றின் இலக்கணம் கூறப் புகுகின்றார். அதிகார முறையும் நோக்கத்தக்கது. செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, கண்ணோட்டம் என்னும் நான்கையும் கடந்தே ஒற்றாடலை அடைகின்றோம். தக்கவாறு ஆராய்ந்து குற்றத்துக்கேற்ப ஒறுத்தல் வேண்டும் என்பது அங்கு முன்னரே விதிக்கப்பட்டது.

ஆறாங்குறள் தனித்து எண்ணத்தக்கது. துறந்தார் வேடம் பூண்டு சென்று, அகப்பட்டவிடத்து எத்துன்பம் செய்யினும் சோராதவனே ஒற்றன் என்கிறது அது. இவ்விலக்கணம் ஒற்றனுக்கு உரியதாயினும், அவனை வருத்துவோனுக்கும் பாடமாகும். தேர்ந்த ஒற்றன் வதைக்கு வாய் திறவான். திறப்பவனோ வலி நீங்கும்பொருட்டுக் கேட்பவர் விரும்பியதைச் சொல்லுதல் கூடும். தான் விடுத்த ஒற்றன் சொல்லையே பிறிதோர் ஒற்றால் ஒத்துப் பார்க்க என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தபின் தெளிக என்றும் கூறும் ஆசிரியர், வதையிற் பிறந்த தனிச்சொல்லை எங்ஙனம் ஏற்பார்?

அண்மை வரலாறு இதற்குச் சான்று. 2001 இறுதியிற் பிடிபட்டுப் பின்னர் எகிப்தியரிடம் ஒப்படைக்கப்பட்ட அல்-லீபி என்பவர், ஈராக் அல்கைதாவினருக்கு இரசாயனப் படைக்கலப் பயிற்சி அளித்தது என்றார். 2003 பெப்ரவரி 5 இல் அமெரிக்க வெளிநாட்டமைச்சர் கொலின் பவல் அதனை ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையில் எடுத்துரைத்தார். அடுத்த மாதம் போர் மூண்டது. 2004 இல் அல்-லீபி தம் கூற்றை மறுத்தார். துன்பந் தாளாது புனைந்துரைத்ததாகக் கூறினார்.

நம் நாட்டுக்கும் இவ்வாராய்ச்சி புறம்பன்று. பொலிஸாரிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு மாறாக ஏற்கலாகாது எனச் சான்றுக் கட்டளைச் சட்டம் விலக்கியிருந்தது. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் அளித்ததை ஏற்க வழிசெய்தது; அது வற்புறுத்திப் பெறப்பட்டது என நிறுவும் சுமையையும் எதிரியின்மேல் ஏற்றியது. வள்ளுவர் வேந்தன்மேல் வைத்த ஆராயுங் கடமை இவ்வாறு சிறைப்பட்டவன் தோளுக்கு மாறிற்று.

ஆயினும் ஒற்றாடலின் குறையையும் கூறுதல் வேண்டும். வேந்தன் ஏமாறாதவாறு அவ்வதிகாரம் காக்கின்றது. ஆராயப்படுவோன் மறுமொழி கூறுதற்கு அதனுள் இடமில்லை. அவ்விடத்தை மற்றைக் கண்ணாகிய நீதிநூலே தரல் வேண்டும். நாட்டின் இடர் கருதி வருத்தினேன் என்பது, குற்றஞ் சாட்டப்பட்ட அதிகாரி பின்னர்க் கூறும் எதிர்வாதமாகலாமேயன்றி, வருத்துதற்கு முன்கூட்டிய அதிகாரமாகாது என இஸ்ரேலின் உயர் நீதிமன்றம் 1999 இல் தீர்ப்பளித்தமை அக்கண்ணின் தொழிலாகும்.

ஆதலின், ஒற்றாடலைக் கற்பிப்போர் அதன் பத்துக் குறள்களையும் தனித்தெடுத்து ஓதாது, முன்னுள்ள நான்கு அதிகாரங்களோடு இயைத்துக் கற்பித்தலே ஆசிரியர் கருத்துக்கு ஒத்ததாகும்.