பந்தியும் பத்திரிகையும்

குஜராத்தின் கிர் காட்டில் ஒரே ஒரு வாக்காளருக்காகச் சாவடி அமைத்த செய்தி தேர்தல்தோறும் நாளிதழ்களில் வந்துவிடுகிறது. அந்தப் பெருமை பொய்யல்ல. 2024இல் ஏறத்தாழ 97 கோடி வாக்காளர்களுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சாவடிகளை நடத்திக் காட்டியது இந்தியத் தேர்தல் ஆணையம். ஆனால் பந்தி பரிமாறிய அழகை மட்டும் மெச்சினால் போதுமா? வாக்காளர் பட்டியல் என்னும் அழைப்புப் பத்திரிகை யார் யாருக்குப் போகவில்லை என்றும் கேட்க வேண்டும்.

2025 ஜூன் 24 அன்று பீகாரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு ஆணையம் உத்தரவிட்டது. சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தன. 7.89 கோடிப் பேரின் படிவங்களை வாங்க ஒரே மாதம். ஆகஸ்ட் 1 அன்று வந்த வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் இல்லை. அவர்களில் 22 லட்சம் பேர் இறந்தவர்கள், 36 லட்சம் பேர் இடம்பெயர்ந்தவர்கள் அல்லது வீட்டில் காணப்படாதவர்கள், 7 லட்சம் பேர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பெயருள்ளவர்கள் என்றது ஆணையம்.

களையெடுப்பு தேவைதான். ஆனால் அந்த 22 லட்சம் யார்மீது குற்றம் சொல்கிறது? அதே ஆண்டு ஜனவரியில்தான் வழக்கமான திருத்தம் முடிந்து பட்டியல் வெளியாகியிருந்தது. அந்தக் கணக்கு உண்மையென்றால், இறந்தவர் பெயரை ஆண்டுதோறும் நீக்கவேண்டிய வேலை நடக்கவில்லை என்பதற்கு ஆணையமே தந்த ஒப்புதல் வாக்குமூலம் அது.

36 லட்சம் இன்னும் உறுத்துகிறது. தற்காலிகமாக ஊரைவிட்டுப் போவதால் ஒருவர் அவ்வூர்வாசி இல்லை என்றாகிவிடாது என்கிறது 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். திருப்பூரில் தறிக்கும் தையலுக்கும் வந்த பீகார்த் தொழிலாளி ஊரையே விட்டவரா, சத் பூஜைக்குத் திரும்புகிறவரா? பூட்டிய கதவைப் பார்த்து ஒரு வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) தீர்மானிக்கக்கூடியதல்ல இது.

பட்டியலில் இடம்பெறக் கேட்ட சான்றுகளின் கதை வேறு. ஏற்கத்தக்கவை எனச் சொல்லப்பட்ட பதினோரு ஆவணங்களில் ஆணையமே கொடுத்த வாக்காளர் அட்டை இல்லை. திருத்தப்படும் பட்டியலிலிருந்து பிறந்த அட்டை எப்படிச் சான்றாகும் என்பது அதன் வாதம். தர்க்கம் சரி. அதே அட்டையைக் காட்டித்தான் முந்தைய ஆண்டு மக்களவைக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதுதான் இடிக்கிறது. ஆதாரும் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே, செப்டம்பரில், பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது.

முதல் பொதுத்தேர்தலில் அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னும் பெயர்களை நீக்கினார். தன் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து போனார்கள். கடுமையான முடிவு, எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தொகையையும் காரணத்தையும் ஆணையம் தன் அறிக்கையிலேயே எழுதிவைத்தது. 2025இலோ, நீக்கப்பட்டவர் பெயர்களைக் காரணத்தோடு வெளியிட ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

வாக்குப்பதிவை நடத்துவதில் ஆணையம் தேறிவிட்டது. பட்டியலில் தேறவில்லை. நீக்கியதால் அல்ல, நீக்கத்துக்குக் காரணம் காட்டவேண்டிய சுமையைத் தான் ஏற்காமல், இருப்பதற்குச் சான்று காட்டும் சுமையை வாக்காளர் தலையில் ஏற்றியதால்.